நல்ல செய்திக்குக் கார்டு கிடையாது

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். சாயம் போடுவது எப்படி, ஸ்லைடு காய்வதற்குள் ஸ்பிரிட்டில் முக்குவது எப்படி என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். இன்று உங்கள் மேஜையில் ஓர் இயந்திரம் உட்கார்ந்துகொண்டு, பதினாறு, பதினெட்டு என்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸின் வகை எண்ணையே சொல்லிவிடுகிறது. எனக்கு அதன் மேல் பொறாமை உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனால் எண் கையில் கிடைத்த பிறகு அதை யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்று அது சொல்லித் தராது. அந்த இடத்தில் நான் பலமாகச் சறுக்கி விழுந்திருக்கிறேன். அதை எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை.

எழுபதுகளின் தொடக்கம். வடசென்னையில் ஓர் அரசு பிரசவ ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் பின்கட்டில் இரண்டு மைக்ராஸ்கோப், நாலு அலமாரி, மூச்சு வாங்கும் ஒரு மின்விசிறி, இவ்வளவுதான் எங்கள் பிரிவு. பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து மரக்குச்சியால் சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்புவார்கள். புற்றுநோயின் அடையாளம் இருக்கிறதா என்று செல் செல்லாகத் தேடுவது என் வேலை. வியாசர்பாடியில் எங்கள் தெருவிலிருந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த முதல் பெண் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. வேலை என்னவோ தற்காலிகம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக் கொடுப்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவரை டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவார், மீதியை நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நான் சொன்ன முடிவின் கீழ் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது ரிப்போர்ட்.

அப்போது எங்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. பரிசோதனைக்கு வரும் பெண்கள் முடிவைக் கேட்கத் திரும்ப வருவதில்லை. மீன் விற்பவளும் தீப்பெட்டி ஒட்டுபவளும் ஒரு நாள் வேலையை விட்டு வந்ததே பெரிது, இரண்டாம் முறை எப்படி வருவாள்? நான்தான் ஒரு வழி சொன்னேன். சந்தேகம் இருப்பவர்களுக்கு மட்டும் தபால் கார்டு போடுவோம். மற்றவர்களிடம், "ஒரு மாதம் பாருங்கள், கார்டு வரவில்லை என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவோம். டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். கார்டில் இருந்த வாசகமும் என்னுடையதுதான்: "பரிசோதனையில் சந்தேகம் உள்ளது. கணவருடன் உடனே வரவும்." ஆபரேஷன் என்றால் கணவர் கையெழுத்துக் கேட்பார்கள், முதலிலேயே அழைத்து வந்துவிட்டால் ஒரு நடை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு புத்திசாலி நான் என்று எனக்கே பூரிப்பாக இருந்தது.

பெயர் பதிய நானும் போயிருந்த ஒரு ராயபுரம் முகாமில் இரண்டு ஓரகத்திகள் ஒரே நாளில் வந்தார்கள். மூத்தவள் லூர்து, தெருவில் மீன் விற்பவள். இளையவள் ஸ்டெல்லா, கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். அண்ணன் தம்பியான அவர்களுடைய கணவன்மார் இருவருக்கும் துறைமுகத்தில் வேலை. சர்ச்சுக்குப் பின்னால் ஒரே வீட்டில் எல்லோரும் மாமியாரோடு இருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு வெளியிலேயே கண்ணுக்குத் தெரியும்படி மருக்கள், கொத்துக் கொத்தாக. லூர்துவுக்கு அப்படி எதுவும் கிடையாது. கணவனோடு இருந்த மறுநாள் கொஞ்சம் ரத்தம் படுகிறது என்றாள், அவ்வளவுதான்.

இருவர் ஸ்லைடிலும் ஒரே மாதிரி செல்கள் இருந்தன. கரு உலர்ந்த திராட்சை போலச் சுருங்கி, சுற்றிலும் வெளுத்த வளையத்தோடு இருக்கும். இன்று அதைப் பார்த்ததும் நீங்கள் பாப்பிலோமா வைரஸ் என்பீர்கள். எங்களுக்கு அது வெறும் "வளையச் செல்". சிலர் அழற்சி என்றார்கள். சிலர் வேறொரு வைரஸைக் கைகாட்டினார்கள். மருவின் வைரஸாக இருக்கலாம் என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் கப்பலில் வந்து எங்கள் மேஜைக்குச் சேர்வதற்குள் அவை பழையதாகியிருக்கும்.

ஸ்டெல்லாவின் படிவத்தில் மரு என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் ஸ்லைடை ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்துச் சந்தேகம் என்று எழுதினேன். அவளுக்குக் கார்டு போனது. லூர்துவின் ஸ்லைடில் ரத்தம் படிந்து பாதி இடம் மங்கலாக இருந்தது. படிவத்தில் லேசான ரத்தக் கசிவு என்று மட்டும் இருந்தது, மரு என்ற சொல்லைப் போல அது என்னைப் பயமுறுத்தவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேனா என்பதே சந்தேகம். அழற்சி, புற்றுநோய் அடையாளம் இல்லை என்று எழுதினேன். அவளுக்குக் கார்டு போகவில்லை.

எட்டு மாதம் கழித்து, பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்குக் காட்ட நல்ல வளையச் செல்கள் கொண்ட ஒரு ஸ்லைடு வேண்டியிருந்தது. லூர்துவினுடையது நினைவுக்கு வந்தது. அலமாரியிலிருந்து எடுத்து, மாணவிகளுக்காக மெதுவாக, ஒழுங்காக ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தேன். ரத்தம் படிந்த மூலையில் சின்னச் சின்னதாய், கரு மட்டும் பெருத்து, மை கொட்டியது போல் கறுத்த செல்கள். எண்ணினேன். ஏழு. புற்றின் அடையாளம், சந்தேகத்துக்கே இடமில்லை.

அப்போது எனக்குத் தோன்றியதை உள்ளபடி சொல்கிறேன். கண்ணாடித் துண்டு கை தவறினால் உடையும். உடைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. நீட்டிப்புக் கடிதம் அடுத்த வாரம் வரவேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு, சோற்று டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு சாப்பாட்டு நேரம் வரும்.

பிறகு எழுந்துபோய் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்தார். நிமிரவே இல்லை.

"எத்தனை?"

"ஏழு, டாக்டர்."

"ஒண்ணே போதுமே." ஸ்லைடைக் கழற்றி எடுத்துக்கொண்டே, "நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இன்னிக்கே கார்டு போட்டுடறேன் டாக்டர்."

"போடாதே. நீயே போ. எட்டு மாசம் ஒண்ணுமில்லைன்னு நம்பினவளுக்குக் கார்டு வந்தா..." வழக்கம்போல் அங்கேயே நிறுத்திவிட்டார்.

அன்று மத்தியானமே போனேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். வாசலில் மாமியார் சவரியம்மா சங்கரா மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வரேன்மா. லூர்து இருக்காங்களா?"

"எந்த ஆஸ்பத்திரி? கார்டு போடுற ஆஸ்பத்திரியா?"

குரலில் இருந்த கசப்பு எனக்கு அப்போது புரியவில்லை. லூர்து உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டிருந்தாள். அது நழுவியதும் பார்த்தேன், முடி காதளவுதான் வளர்ந்திருந்தது.

"இன்னாக்கா, இப்ப வந்துகீற?"

"ஒரு சின்ன பரிசோதனை விட்டுப்போச்சு லூர்து. வந்து குடுத்துட்டு..."

"விட்டுப்போச்சா? அதான் கார்டு வரலியே. முப்பது நாளு தபால்காரரு சைக்கிள் மணி கேக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடியாந்து பாப்பேன். முப்பது நாளும் தாண்டிச்சு. வேளாங்கண்ணி போயி மாதாவுக்கு முடி குடுத்துட்டு வந்தேன். இப்ப வந்து விட்டுப்போச்சுன்றியே."

தயார் செய்து வைத்த பொய் அங்கேயே செத்துப்போனது. என் ஆபீஸ் தமிழும் அதோடு போய்விட்டது. பிறந்த தெருவின் பேச்சுதான் வாயில் வந்தது.

"விட்டுப்போவல. நான் தப்பா பாத்துட்டேன் லூர்து. உன் கண்ணாடில ஓரமா கெட்ட செல்லு கீது. அன்னிக்கே இருந்துச்சு. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்."

சவரியம்மா கத்தியைக் கீழே வைத்தார். "மாதாவுக்கு முடி குடுத்து வந்த ஒடம்பும்மா அது. அதுல போயி சீக்குன்னு சொல்ல வந்துகீறியே, வாய் கூசல?"

"மாதா தப்பு பண்ணலம்மா. ஒண்ணுமில்லன்னு மாதாவா சொன்னாங்க? நான் சொன்னேன். தப்பு என்னுதுதான்."

லூர்து சுவரோரம் மெல்லக் குந்தினாள். ரத்தம் இன்னும் படுகிறதா என்று கேட்டேன். மாமியாரைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஸ்டெல்லாவும் நானும் ஒரே பெஞ்சில குந்திகினு இருந்தோம். அவளுக்கு சீக்குன்னு எய்தினதும் நீ. எனக்கு ஒண்ணுமில்லன்னு வுட்டதும் நீ. இதுல எது நெசம், எது பொய்யின்னு நான் எப்டி நம்புறது?"

"ஸ்டெல்லா எங்க?" என்றேன்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. ஸ்டெல்லாவுக்கு வந்த கார்டைத் தபால்காரர்தான் வாசலில் நின்று உரக்கப் படித்தார். அதுவரை அவர் எல்லாருக்கும் செய்துவந்த உபகாரம் அது. சந்தேகம் உள்ளது, கணவருடன் வரவும். தெருவே கேட்டது. "என்னை ஏன் கூப்புட்றாங்க? நான் இன்னா பண்ணேன்?" என்று அவள் கணவன் குதித்தான். புருஷனையும் கூப்பிடுகிற சீக்கு என்றால் எப்படிப்பட்ட சீக்கு என்று தெரு முடிவு கட்டிவிட்டது. அவளுடைய தட்டும் பாயும் தனியாகப் போயின. அவள் தனியாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து, சதைத் துணுக்கு எடுக்கக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே எண்ணூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஏழு மாதமாகத் திரும்பவில்லை.

அந்தத் துணுக்கின் முடிவு எனக்குத் தெரியும். புற்றுநோய் இல்லை. பத்தே நாளில் வந்துவிட்டது. என் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் நீலப் பென்சிலால் கோடு போட்டு, வேலை முடிந்தது என்று பக்கத்தைத் திருப்பியவள் நான்.

"அவளுக்குப் புத்து இல்லம்மா" என்றேன். "அது மருவு. மருந்து போட்டா போயிடும்."

"இல்லியா?" சவரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "இத்த ஏன் எங்களாண்ட சொல்லல?"

"நல்ல சேதிக்கு நாங்க கார்டு போடறதில்லம்மா."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று என் காதுக்கே கேட்டது.

"நல்லா கீதும்மா உங்க நாயம்" என்றார் அவர். மீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லூர்து எழுந்தாள். "நாளைக்குக் காலைல நான் வரேன். ஆனா நீ இன்னிக்கே எண்ணூரு போயி அவளாண்ட இத்த உன் வாயால சொல்லணும். சொல்லாம என் ஒடம்ப தொடாத. உன்ன நம்பி ஒரு தபா ஏமாந்தது போதும்." முதலில் உன் உடம்பைப் பார் என்று வாதாட வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் அன்று சரியாகத் தீர்ப்புச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

லூர்து என்ன ஆனாள் என்று தெரியாமல் உங்களால் மேலே படிக்க முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்னபடி மறுநாள் வந்தாள். நோய் மேல்தோலோடு நின்றிருந்தது, உள்ளே இறங்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிழைத்தாள். முடி இடுப்புவரை வளர்ந்து, நரைத்து, அதற்குப் பிறகும் பல வருடம் கூடை சுமந்தாள். டாக்டரம்மா என் திருத்தத்தின் கீழ் கையெழுத்துப் போட்டு, முதல் ரிப்போர்ட்டைக் கிழிக்காமல் அதன் பின்னாலேயே ஒட்டச் சொன்னார். வேலையும் நீட்டிக்கப்பட்டது. அன்றிலிருந்து நல்ல முடிவுக்கும் தபால் போட்டோம், எல்லாவற்றையும் ஒட்டிய உறைக்குள் வைத்து. கணவரைப் பற்றிய வரியை எடுத்துவிட்டோம்.

நான் எங்கே தவறினேன் என்பது பல வருடம் கழித்துத்தான் முழுதாகப் புரிந்தது. இந்த வைரஸ் ஒன்றல்ல, பெரிய குடும்பம் என்று அப்போதுதான் தெரியவந்தது. ஆறு, பதினொன்று என்று எண் போட்ட வகைகள் மருவாகக் கிளம்பி ஊரையே பயமுறுத்தும், ஆனால் புற்றாக மாறுவது அபூர்வம். பதினாறும் பதினெட்டும் வெளியே ஒன்றையும் காட்டாது. பெரும்பாலான பெண்களின் உடம்பு அவற்றையும் தானாகவே விரட்டிவிடும். விரட்ட முடியாதவர்களிடம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்து வேலை செய்யும். அந்த இரண்டு பேருக்கும் எந்த வகை இருந்தது என்று யாரும் சோதித்ததில்லை, நான் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததைத் துரத்திக்கொண்டு போய், சும்மா இருந்ததைக் கோட்டை விட்டேன் என்பதில் ஊகம் ஒன்றுமில்லை. படிவத்தில் எழுதியிருப்பதை ஸ்லைடு பார்த்த பிறகு படியுங்கள். அதற்கு முன் படித்தால் உங்கள் கண் உங்களுடையதாக இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கே ஒரே ஒரு போன் இருக்கும் குடும்பங்களுக்கு "பதினாறு பாசிட்டிவ்" என்று நீங்கள் செய்தி அனுப்புவதைப் போன மாதம் பார்த்தேன். யார் எடுத்துப் படிப்பார்கள் என்று கேட்டதற்கு ஒரு பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது பழைய தொற்றாகவும் இருக்கலாம், கல்யாணத்துக்கு முன்பே கணவனிடம் இருந்ததாகவும் இருக்கலாம். இது உங்களுக்குத் தெரியும். போனை எடுப்பவருக்குத் தெரியாது.

லூர்து கேட்டபடி அன்று சாயங்காலமே எண்ணூருக்குப் போனேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கரண்டு ஆலையின் புகை தெரியும் இடத்தில், ஸ்டெல்லா அவள் அம்மாவோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் அம்மா எழுந்து போய்விட்டார். நின்றபடியே சொன்னேன். உனக்குப் புற்று இல்லை, அது பத்தே நாளில் தெரிந்துவிட்டது, உனக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு, என்னை மன்னித்துவிடு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் அழவில்லை. கை நிற்கவும் இல்லை. நாலைந்து இறாலை உரித்துப் போட்டாள்.

"அப்ப அந்த மருவு இன்னாக்கா? அது அவராண்டேர்ந்து எனக்கு வந்துச்சா, என்னாண்டேர்ந்து அவருக்குப் போச்சா? உன் கண்ணாடில தெரியுமா?"

"தெரியாதும்மா."

"எப்ப வந்துச்சுன்னாவது தெரியுமா?"

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கோபமாகவே இல்லை. எனக்கு ஏதோ சந்தேகம் தீர்த்து வைப்பவள் மாதிரிதான் கேட்டாள்.

"அப்ப அந்தக் கார்டுல 'எங்களுக்குத் தெரியாது'ன்னு எய்தியிருக்கலாமேக்கா. பாதி கார்டு சொம்மாதான கெடந்துச்சு."